விறகுக்குப் போகும் கட்டையும் கடைசல் பேனாவும்

நான்கு வருடங்களுக்கு முன் எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் நின்ற பூவரசு ஒரு கோடைக் காற்றில் சாய்ந்தது. அப்பாரு நட்ட மரம். விறகு வியாபாரி லாரியோடு வந்தார். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "எத்தனை டன் தேறுமுங்க?" என்ன மரம், எத்தனை வயது, உள்ளே வைரம் எப்படி இருக்கும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எடை மேடையில் ஏற்றி இறக்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். லாரியில் இடம் இல்லாமல் விட்டுப் போன ஒரு கிளை மட்டும் மாட்டுக் கொட்டகையோரம் கிடந்தது. அந்தக் கிளையால்தான் இதை எழுத நேர்ந்தது.

நம் காரமடை வட்டாரத்தில் வாழையையும் பாக்கையும் தென்னையையும் கறிவேப்பிலையையும் கண்ணும் கருத்துமாகப் பார்க்கிறோம். வரப்போர மரங்களை அப்படிப் பார்ப்பதில்லை. வேலியில் வெள்வேல், கிணற்றடியில் பூவரசு, களத்தில் புளி, வாசலில் வேம்பு, தோட்டக் கோடியில் வாகை, எங்கும் சீமைக்கருவேல். பருத்த அடிமரத்துக்குப் பலகை அறுக்கிறவர் வருவார். கிளைக்கும் கோணல் கட்டைக்கும் விறகுக் கடைதான் கதி. குடும்பத்தில் ஒருவர் கடைசல் வேலை கற்று, அதிலும் மிகச் சிறிய கட்டை போதுமான பேனாவில் தொடங்கினால், விறகாகப் போவதில் ஒரு பங்கையாவது நிறுத்தி வைக்கலாம் என்பது என் அபிப்பிராயம். இதில் பெரும் பணம் கொட்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லுகிறவர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை நம்பி முதல் போட வேண்டாம் என்று சொல்வதற்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு பேனாவுக்கு வேண்டிய கட்டை ஐந்து அங்குல நீளம், முக்கால் அங்குலச் சதுரம். நான்கு அங்குல விட்டமுள்ள கிளையில் ஓரடி நீளத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கங்களைச் செதுக்கிச் சதுரமாக்கினால் ஒரு முகத்தில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது குச்சிகள். நட்ட நடு மையம் வெடிக்கும், அதைத் தள்ளினால் எட்டு. நீளவாட்டில் இரண்டாக அறுத்தால் பதினாறு. பூச்சி, முடிச்சு, காய்ச்சலில் வெடிப்பு என்று கழித்துப் பத்துத் தேறினாலும் போதும். அந்த ஓரடித் துண்டு விறகாகப் போயிருந்தால் ஒரு டீ, வடைக்குக் காணுமா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கடைசல் நமக்குப் புதிய வித்தையும் அல்ல. மோர் கடையும் மத்து, கட்டில் கால், தொட்டில் கம்பு, பூரிக்கட்டை, பம்பரம் எல்லாம் கடைசல் பிடித்தவைதான். மாசி மாதம் அரங்கநாதர் தேருக்கு வந்தவர்கள் குழந்தைகளுக்கு மரச் சொப்பு வாங்காமல் போன காலம் உண்டா? திருநெல்வேலிப் பக்கம் அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்புக் கடைசல் பேர் பெற்றது. கர்நாடகத்தில் சன்னபட்டணம், ஆந்திரத்தில் வராக நதிக்கரையிலுள்ள ஏட்டிகொப்பாக்கா, இரண்டு ஊர்களும் மரக் கடைசல் பொம்மையால் பிழைத்தவை. ஏட்டிகொப்பாக்காவில் இயற்கைச் சாயங்களைத் திரும்பக் கொண்டுவந்த சி.வி. ராஜுவுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இந்த இரண்டு ஊர்களும் நம்பியிருக்கும் மரம் எது தெரியுமா? வெட்பாலை. மருந்துக்கு எண்ணெய் காய்ச்ச இலை பறிக்கிறோமே, அதே வெட்பாலைதான். தந்தம் போல வெளுத்த, நெருக்கமான கட்டை. நம் மலையடிவாரத்தில் கேட்பாரற்று நிற்கிறது.

பேனாவும் அப்படியே. ராஜமுந்திரியில் ரத்னம் என்பவர் எபோனைட் என்னும் கெட்டி ரப்பர்த் தண்டைக் கடைந்து பேனா செய்தார். 1935-ல் காந்தியடிகள் அந்தப் பேனாவைப் பெற்றுக்கொண்டு கடிதம் எழுதினார். வெளிநாட்டுப் பேனாவுக்கு மாற்றாக உள்ளூர்ச் சரக்கு வேண்டும் என்ற காலம் அது. நம் திருவள்ளூரிலும் ரங்கா பேனாக்கள் கடைசல் இயந்திரத்தில் கையாலேயே செய்யப்பட்டு வெளிநாடுகளுக்குப் போகின்றன. அவர்கள் பெரும்பாலும் கடைவது எபோனைட்டை. மரத்தைக் கடைவது அதைவிட எளிது, ஆனால் மரத்துக்குக் குணம் உண்டு. அந்தக் குணம் தெரியாமல்தான் நான் முதல் வருடம் அடிபட்டேன்.

முதலில் ஒரு நகரத்தில் இரண்டு நாள் பயிற்சிக்குப் பணம் கட்டிப் போனேன். உலர்ந்த கட்டை, அதில் துளை போட்டுப் பித்தளைக் குழலும் ஒட்டி வைத்திருந்தார்கள். நாங்கள் உளியைப் பிடித்து மேலே சீவி, பளபளப்பு ஏற்றி, ஆளுக்கொரு பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு வந்தோம். சமைத்து வைத்த சோற்றைப் போட்டுச் சாப்பிடக் கற்றுக்கொடுத்தது போலத்தான். வீட்டுக்கு வந்து பூவரசங் கிளையை அறுத்து, ஒரு வாரம் வெயிலில் காயவைத்துப் பத்துப் பேனா கடைந்தேன். அழகான சிவந்த பழுப்பு, நடுவே கருவரி. பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். ஒரு மாதத்துக்குள் பத்தில் எட்டு வெடித்துவிட்டன. என் மகளின் ஆசிரியைக்குக் கொடுத்த பேனா அவர் கையிலேயே பிளந்ததாம். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

காரணம் சின்னது. ஈரக் கட்டை காயும்போது குறுக்குவாட்டில் சுருங்கும், நீளவாட்டில் அநேகமாகச் சுருங்காது. பேனாவில் மெல்லிய மரத்தோல் ஒன்று பித்தளைக் குழலைச் சுற்றி ஒட்டியிருக்கிறது. மரம் சுருங்கப் பார்க்கும், பித்தளை இடம் கொடுக்காது. மரம்தான் பிளந்தாக வேண்டும். கடும் வெயிலில் காயவைத்தால் மேல்புறம் காய்ந்து உள்ளே ஈரம் நிற்பதால் இன்னும் கேடு.

ஆகையால் கடைசலுக்கு முன் உலர்த்தக் கற்க வேண்டும். விவசாயிக்கு இதுதான் பெரிய பாடம், பெரிய சாதகமும் இதுதான். நகரத்தில் பேனா செய்கிறவரிடம் மரம் இல்லை, காயவைக்க இடமும் இல்லை. நம்மிடம் கொட்டகை இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது. மரம் வெட்டிய அன்றே இரண்டு முனைகளிலும் மெழுகையோ பழைய பெயிண்டையோ கெட்டியாகப் பூசிவிடுங்கள். ஈரம் முனை வழியாகத்தான் விரைந்து ஓடும், வெடிப்பும் அங்கேதான் துவங்கும். பிறகு ஒரு அங்குலச் சதுரக் குச்சிகளாக அறுத்து, முனைகளில் மறுபடி பூசி, நிழலில் காற்றோட்டமாக அடுக்குங்கள். தரையில் படாமல், அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய சிம்பு வையுங்கள். ஒவ்வொரு குச்சியிலும் மரத்தின் பெயரும் தேதியும் எழுதிவிடுங்கள். வாரம் ஒரு முறை நான்கைந்து குச்சிகளைச் சிறு தராசில் எடை போட்டுக் குறித்து வாருங்கள். எடை குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் நிற்கும். மூன்று நான்கு வாரங்கள் அதே எடை காட்டினால் கட்டை தயார். எனக்குப் பூவரசு ஐந்து மாதம் எடுத்தது. புளி அதற்கும் மேல். தேய்பிறையில் வெட்டிய மரத்தில் பூச்சி விழாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் இரண்டும் செய்து பார்த்தேன், வெளிப்புற வெள்ளைக் கட்டையில் பூச்சி இரண்டிலும் விழுந்தது. வைரத்தில் விழவில்லை.

எந்த மரம் நல்லது என்று கேட்பீர்கள். பூவரசு கடைவதற்கு வெண்ணெய் போல. ஹவாய்த் தீவுக்காரர்கள் இதே மரத்தில்தான் கிண்ணம் கடைந்தார்கள். வாகை வால்நட் போலப் பழுப்பு, ஆனால் அதன் தூள் மூக்கைப் பிடுங்கும், தும்மலில் உயிர் போகும். புளியின் வைரம் கருஞ்சிவப்பு, உளியை அடிக்கடி சாணை பிடிக்க வைக்கும். பனை கருப்பும் வெள்ளையுமாக ஈர்க்கு ஈர்க்காகத் தெரியும். பார்க்க அழகு, ஆனால் நார் பிய்ந்து வரும், கற்றுக்குட்டிக்கு வேண்டாம். என் ஓட்டு சீமைக்கருவேலுக்குத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்கென்று கொண்டுவரப்பட்டு நம் நிலத்தைத் தின்ற மரம். 2022-ல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களை அகற்ற வெளியிட்ட கொள்கையில் இதுவும் இருக்கிறது. ஆனால் இதன் வைரம் கெட்டி, காயும்போது சுருக்கம் குறைவு. அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் இதன் சொந்தக்கார மரமான மெஸ்கிட்டைத் தரைக்கும் மேசைக்கும் கடைசலுக்கும் தேடி வாங்குகிறார்கள். நாம் மூட்டம் போட்டுக் கரியாக்குகிறோம். கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் உண்ணிச்செடித் தண்டில் முழு உயர யானைகளைச் செய்தார்கள். அவை 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. உண்ணிச்செடிக்கே அந்த யோகம் என்றால் சீமைக்கருவேலுக்கு ஏன் கூடாது? ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இதை நட்டு வளர்க்க வேண்டாம். வெட்டுகிறதில் நல்ல கட்டையை எடுத்து வைத்தால் போதும்.

எனக்கு உண்மையில் தொழில் சொல்லிக் கொடுத்தவர் கட்டில் கால் கடைகிற ஒரு பெரியவர். பேனா செய்யப் போகிறேன் என்றதும் சிரித்தார். "ஏனுங்க மாப்பிள்ளை, ஒரு சாண் குச்சிக்கா இத்தனை பாடு?" என்றார். பிறகு மூன்று மாதம் பேனாவையே தொடவிடவில்லை. விறகுக் கட்டையை உருட்டாக்கு, பள்ளம் போடு, மணி போடு, திரும்ப உருட்டாக்கு என்று ஓட்டினார். உளியைச் சாணை பிடிக்கவே இரண்டு வாரம். குழி உளியின் முதுகு முதலில் மரத்தைத் தொட வேண்டும், பிறகுதான் வாய் இறங்க வேண்டும் என்பார். சாய்வாய் உளி சற்று ஏறினால் மரத்தைக் கவ்வி இழுத்து எறிந்துவிடும். அந்தப் பயிற்சி இல்லாமல் வீடியோ பார்த்துக் கற்கிறவர்கள் உளியால் சீவுவதற்குப் பதில் உப்புத்தாளால் தேய்த்தே உருவம் கொண்டுவரப் பார்க்கிறார்கள். அதில் தூள்தான் மிச்சம்.

பேனா வேலையில் வரிசை இப்படி. கட்டையைக் குழலைவிடச் சிறிது நீளமாக அறுக்க வேண்டும், ஏனென்றால் டிரில் பிட் வெளியேறும் முனையில் சிதறும். சாதாரண மெல்லிய பேனாவுக்கு ஏழு மில்லிமீட்டர் துளை. ஒரே மூச்சில் துளைக்காமல் அடிக்கடி பிட்டை வெளியே எடுத்துத் தூளை உதற வேண்டும். சூடேறினால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உள்ளேயே விழுந்துவிடும். பித்தளைக் குழலை உப்புத்தாளில் சொரசொரப்பாக்கிப் பசை பூசிச் சுழற்றியபடி நுழைக்க வேண்டும். பசை காய்ந்ததும் இரு முனைகளையும் குழலுக்குச் சரி செங்கோணமாகச் சீவ வேண்டும். இதில் சோம்பல்பட்டால் பேனா பூட்டும்போது இடைவெளி தெரியும். பிறகு மாண்ட்ரல் கம்பியில் புஷ்களோடு கோத்துக் கடைய வேண்டியதுதான். மாண்ட்ரலை அளவுக்கு மீறி இறுக்கினால் கம்பி வளையும், பேனா முட்டை வடிவாகும். எனக்கு இது பிடிபட நான்கு பேனா பலியாயின.

பளபளப்புக்கு அவசரம் கூடாது. 150 நம்பர் உப்புத்தாளில் துவங்கி 220, 320, 400, 600 என்று ஏறுங்கள். ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, நார் ஓடும் திசையில் கையால் ஒரு முறை தேய்த்தால் வட்டக் கீறல் போய்விடும். மேல்பூச்சில் ஆளுக்கொரு கட்சி. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கும் தேன்மெழுகும் சுழலும் கட்டையில் சூடேறித் தருகிற மினுமினுப்புக்கு ஈடில்லை. சன்னபட்டணத்தில் அரக்கை ஏற்றிய பின் தாழை ஓலையால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். ஆனால் வியர்வைக் கையில் அரக்கு மங்கும். விற்பனைக்கென்றால் உடனடியாக ஒட்டும் பசையை எட்டுப் பத்து மெல்லிய பூச்சாக ஏற்றுகிறார்கள். கண்ணாடி போல நிற்கும், நெடி கண்ணைக் கரிக்கும். அதைப் பருத்தித் துணியால் பூசாதீர்கள், பசையும் பருத்தியும் சேர்ந்தால் கையைச் சுடும். காகிதத்தில் எடுத்துப் பூசுங்கள். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் மரத்தில் உலராது, பிசுபிசுத்துத் தூசியை வாங்கும். எண்ணெய்தான் வேண்டுமென்றால் ஆளிவிதை எண்ணெய். அது நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போட வேண்டும்.

இயந்திரத்துக்கு அரைக் குதிரைத் திறன் மோட்டார் போதும். ஜி.டி. நாயுடு பிறந்த மாவட்டத்தில் மோட்டாருக்கும் லேத் பட்டறைக்கும் பஞ்சமில்லை. ஆனால் கிணற்று மோட்டாருக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தில் கடைசல் ஓட்டாதீர்கள். அது விவசாயத்துக்கு மட்டும் உரியது, மாட்டினால் அபராதத்தில் பத்து வருடப் பேனா போய்விடும். மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு அதற்குரிய இணைப்பில் ஓட்டுங்கள். தோளில் துண்டோடும் முழுக்கைச் சட்டையோடும் இயந்திரத்தருகே போகக் கூடாது, கையுறையும் கூடாது. அது சுற்றிக்கொண்டால் விரல் போகும். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். அரளிக் கட்டையை எக்காரணத்தாலும் கடையாதீர்கள், விஷம்.

சந்தனம், ஈட்டி, செம்மரம் பக்கம் வனத்துறையைக் கேட்காமல் போக வேண்டாம். மலையடிவாரத்தில் 1955-ம் வருட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ள கிராமத்தார் பட்டா நிலத்து மரத்துக்கும் அனுமதி கேட்க வேண்டும். இது என்ன மரம் என்ற சந்தேகம் வந்தால் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. முறையாக மரவேலை கற்க நினைக்கும் இளைஞர்கள் பெங்களூர் மல்லேஸ்வரத்திலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் விசாரிக்கலாம்.

இனி வரவு செலவு. என் இரண்டாம் வருடக் கணக்கு: கடைந்தது அறுபத்திரண்டு, தேறியது நாற்பத்தேழு, விற்றது இருபத்தொன்பது. மீதி உறவினர் சட்டைப் பையில். மரம் செலவில்லை. மூக்கு, கிளிப், குழல், திருகும் உறுப்பு எல்லாம் சேர்ந்த கிட்தான் செலவு, அதில் பெரும்பகுதி சீனத்துச் சரக்கு. இந்த இடம்தான் எனக்கு உறுத்துகிறது. கோவை லேத் பட்டறைகளால் பம்புக்கு உறுப்பு செய்ய முடியும்போது ஒரு பித்தளை மூக்கும் கிளிப்பும் செய்ய முடியாதா? ஒரு பட்டறை அண்ணனைக் கேட்டேன். "ஆயிரம் எண்ணம் சேர்ந்து ஆர்டர் கொடுங்க, செஞ்சு தர்றேன்" என்றார். ஆயிரம் எண்ணத்துக்கு நான் ஒருவன் போதாது. பத்துப் பேர் வேண்டும்.

கடைக்குக் கொண்டுபோய் மொத்தமாகப் போட்டால் கூலி கட்டாது. எனக்கு விற்றவை எல்லாம் மரத்தின் கதையோடு விற்றவை. வீடு இடித்தவர் பழைய உத்தரத்துத் துண்டைக் கொண்டுவந்து அண்ணன் தம்பி நால்வருக்கும் நான்கு பேனா கேட்டார். ஓய்வுபெறும் ஆசிரியருக்குப் பள்ளி வேம்பில் ஒரு பேனா கேட்டார்கள். ஊட்டிக்குப் போகிற கார்கள் எல்லாம் நம் ஊர் வழியாகத்தான் போகின்றன, அவர்களிடம் விற்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் ஒரு சீசன் பழக்கடையில் வைத்துப் பார்த்தேன், நான்குதான் போயிற்று. பேனாவோடு நிற்க வேண்டியதும் இல்லை. கை பழகினவனுக்கு மத்து, கரண்டிப் பிடி, அரிவாள் பிடி, சொப்பு எல்லாம் அதே இயந்திரத்தில் வரும். உலர்ந்த பேனாக் கட்டையை மட்டும் அளவாக அறுத்துக் கேட்பவருக்கு விற்கலாம். சிறு விவசாயிக்கு, கடைந்த பேனாவைவிட இந்தக் காய்ந்த கட்டையில்தான் வழி இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். கடையத் தெரிந்தவன்தான் எந்தக் கட்டை தேறும் என்று பார்த்து அறுப்பான், அதனால் கற்பது வீண் போகாது.

சென்ற வாரம் பக்கத்துத் தோட்டத்து மாமா தலையில் ஒரு புளியங் கட்டையோடு வந்தார். விறகு லாரி வந்து நிற்கிறதாம், இந்த ஒன்றை மட்டும் இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறார். "இது காய எத்தனை நாள் ஆகுமுங்க?" என்றார். அங்கேயே அறுத்து, முனைகளுக்கு மெழுகு பூசி, எடை போட்டோம். பதினான்கு குச்சிகள். தேதி எழுதி, அவர் பெயரும் எழுதி, பூவரசுக்குப் பக்கத்து வரிசையில் அடுக்கியிருக்கிறேன்.